மங்கிப்போன ஹெட்லைட்: தேய்த்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது 2012 மாடல் ஸ்விஃப்ட். இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன. இரவில் பழனி ரோட்டில் ஓட்டவே தயக்கமாக இருக்கிறது. புது பல்பு போட்டும் பலனில்லை. பட்டறையில் ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் வழி உண்டா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அநேகமாக உண்டு. செலவு செய்வதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரால் சோதித்துப் பாருங்கள். விளக்கை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் உற்றுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது உள்ளே இருக்கும் பல்பும், அதன் ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரும் பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. தேய்த்தால் சரியாகிவிடும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் உள்பக்கம் பனித்திருக்கலாம், ரிஃப்ளெக்டர் மங்கியிருக்கலாம், அல்லது பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கலாம். அப்படியானால் வெளியே எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கைவலிதான் மிச்சம்.

உங்கள் கார் விளக்கின் முன்பக்கம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கல் பட்டால் சிதறாது, எடையும் குறைவு. ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நேரடியாகப் பட்டால் அது மஞ்சளாகி, மேல்தோல் பொரிந்துவிடும். அதைத் தடுக்கத் தொழிற்சாலையிலேயே மெல்லிய கடினப் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் அந்தப் பூச்சு தேய்ந்து, திட்டுத் திட்டாக உரிய ஆரம்பிக்கும். வெயில் நேராக விழும் மேல் விளிம்பில்தான் முதலில் தெரியும். கீழ்ப்பகுதி பல வருடம் தெளிவாகவே இருக்கும். ஷாம்பு போட்டால் மஞ்சள் போகாததற்குக் காரணம் இதுதான். செத்துப்போன பூச்சை முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பூச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டும். எடுப்பது சுலபம். கொடுப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வீட்டிலேயே தேய்க்க என்னென்ன சாமான் வேண்டும்? எந்த நம்பர் பேப்பரில் ஆரம்பித்து எதில் முடிக்க வேண்டும்? ஆளுக்கொரு நம்பர் சொல்கிறார்கள். (கோவை வாசகர்)

பதில்: உப்புத்தாளில் நம்பர் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும். ஆளுக்கொரு நம்பர் சொல்லக் காரணம், கடைசியில் என்ன பூசப் போகிறோம் என்பதைப் பொறுத்து நம்பர் மாறும். அதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பெயின்டரிடம் கொடுத்து 2கே கிளியர் (இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் பளபளப்புப் பூச்சு) அடிக்கப் போகிறீர்களா? 1000-ம் நம்பரோடு நிறுத்திவிட வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் கிளியர் பிடிக்கும். மெழுகு, செராமிக் திரவம் அல்லது ஒட்டும் பிலிம் என்றால் 3000 வரை போய், ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுப் பளபளப்பாக்க வேண்டும்.

பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) என்று கேளுங்கள். 400, 800, 1000, 1500, 2000, 3000 ஒவ்வொன்றிலும் ஒரு தாள் இரண்டு விளக்குக்கும் போதும். 400 மட்டும் இரண்டாக வாங்கிக்கொள்ளலாம். மாஸ்கிங் டேப் ஒரு சுருள், தண்ணீர் பீய்ச்சும் பாட்டில், பாத்திரம் கழுவும் திரவம், சின்ன டியூபில் ரப்பிங் காம்பவுண்ட், இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி, பேப்பரைச் சுற்றிக்கொள்ள ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. இவ்வளவுதான்.

தாள்களைக் கால் பாகமாகக் கிழித்துப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். விளக்கைக் கழுவுங்கள். போர்த் தண்ணீரின் உப்புக்கறை வெள்ளை வெள்ளையாக இருந்தால் வினிகர் நனைத்த துணியால் எடுத்துவிடுங்கள். பிறகு சுற்றியுள்ள பம்பர், பானெட், ஃபெண்டர் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். ஓரடுக்கு டேப்பை 400-ம் நம்பர் ஐந்தே இழுப்பில் கிழித்துவிடும். அதன்பின் ஹெட்லைட் வேலை பெயின்ட் வேலையாகிவிடும்.

பூச்சு உரிந்திருந்தால் 400-ல் ஆரம்பியுங்கள். லேசான மங்கல் மட்டும் என்றால் 800 போதும். சோப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இடமிருந்து வலமாக நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காதீர்கள். முதலில் வழியும் நீர் மஞ்சளாக வரும். அது பழைய பூச்சு. போகப் போக வெறும் வெள்ளைப் பாலாக மாறும்போது பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒருமுறை கழுவித் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். விளக்கு முழுக்க ஒரே சீராக வெள்ளைப் பனி படர்ந்ததுபோல் இருக்க வேண்டும். எங்காவது கண்ணாடிபோல் மினுங்கும் தீவு தெரிந்தால் அங்கே பழைய பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போனால், கடைசியில் வரைபடம் போட்டதுபோல் எல்லைக்கோடு தெரியும். இந்தக் கட்டத்தில் விளக்கைப் பார்த்தால் கெடுத்துவிட்டோமே என்று வயிறு கலங்கும். பயப்பட வேண்டாம், இது இப்படித்தான் இருக்கும்.

அடுத்து 800, இம்முறை மேலிருந்து கீழாக. அதற்கடுத்தது மறுபடி பக்கவாட்டில். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினால், முந்தைய பேப்பரின் கோடுகள் முழுதாகப் போய்விட்டனவா என்பது கண்ணுக்குத் தெரியும். போகும்வரை அடுத்ததை எடுக்காதீர்கள். 400-லிருந்து 1500-க்குத் தாவினால் பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கைப் போட்டதும் ஆழக்கோடுகள் ஒளியைச் சிதறடிக்கும். பேப்பரை வெறும் விரலால் அழுத்தினால் விரலின் அகலத்துக்குப் பள்ளங்கள் விழும், அதற்குத்தான் ஸ்பாஞ்சு. மூலை முடுக்குகளில் மட்டும் விரலால் மெதுவாக. நம்பர் மாற்றும்போதெல்லாம் விளக்கையும் கையையும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். 400-ன் ஒரே ஒரு மணல் துகள் 2000-ம் பேப்பருக்கு அடியில் மாட்டினாலும் கீறல் விழும்.

3000 முடிந்ததும் காம்பவுண்ட். கையால் தேய்த்தாலும் வரும், நேரம்தான் கூடும். டிரில்லில் ஃபோம் பேட் மாட்டினால் வேகத்தைக் குறைத்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். சூடேறினால் பாலிகார்பனேட் இளகி இழுபட்டுவிடும். அதைத் திருத்த மறுபடி 800-க்குப் போக வேண்டியதுதான். ஒரு விளக்குக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நிழலில் செய்யுங்கள்.

கேள்வி: கார் வாஷ் கடையில் காசு கொடுத்து ஹெட்லைட் பாலிஷ் செய்தேன். அன்று ஷோரூம் வண்டிபோல் இருந்தது. ஆறே மாதத்தில் முன்பைவிட மோசமாகிவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (வேலூர் வாசகர்)

பதில்: ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, பாதி வேலை. மிச்சமிருந்த பழைய பூச்சையும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை வெறும் உடம்போடு வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். முன்பைவிட வேகமாக மஞ்சளாவது இயல்பு. அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "தேய்த்த பிறகு மேலே என்ன பூசுவீர்கள்?" பதில் "பாலிஷ்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

பூச்சு வகைகளில் கார் மெழுகு மிக மலிவு, ஆனால் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை மறக்காமல் போட வேண்டும். மறப்போம். செராமிக் கோட்டிங் திரவம் அதைவிடச் சில மாதம் கூடுதலாகத் தாங்கும். பி.பி.எஃப். எனப்படும் ஒட்டும் பிலிம் நல்ல தரமானதாக இருந்தால் பல வருடம் காக்கும். வளைவான விளக்கில் சுருக்கமில்லாமல் ஒட்டக் கை பழகியிருக்க வேண்டும்.

குறைந்த செலவில் நீண்ட நாள் உழைப்பது 2கே பி.யு. (பாலியூரிதேன்) கிளியர். காருக்கு பெயின்ட் அடித்தபின் மேலே கொடுக்கிறார்களே, அதே பளபளப்புப் பூச்சு. சரியாக அடித்தால் இரண்டு மூன்று வருடம் சுலபமாக வரும். இரண்டு விளக்குக்காக ஒரு டின் கிளியரும் அதைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனரும் வாங்குவது வீண். நீங்களே 1000 வரை தேய்த்து வைத்துக்கொண்டு, பக்கத்து டிங்கரிங் பட்டறையில் வேறு வண்டிக்குக் கிளியர் அடிக்கும் நாளைக் கேட்டு, அன்று போய் நில்லுங்கள். கலந்த கிளியரில் மிஞ்சுவதே இரண்டு விளக்குக்குப் போதும். டீ காசுக்குச் சற்று மேலே கொடுத்தால் பெரும்பாலான பெயின்டர்கள் அடித்துத் தருவார்கள்.

அவரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள். அடிக்கும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும், நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான என்.சி. தின்னரால் துடைத்தால் பாலிகார்பனேட் வெடிப்பு விடும். கிளியரில் கலப்பதும் பி.யு. தின்னராகவே இருக்கட்டும், அதுவும் அளவாக. முதல் கை தூவினாற்போல் மெல்லியதாக, பத்து நிமிடம் விட்டு இரண்டாவது கை நிறைவாக. மழை ஈரமான நாளில் வேண்டாம், பூச்சு வெள்ளை பூத்துவிடும். அடித்தபின் ஒரு வாரம் அந்த இடத்தில் சோப்போ பிரஷ்ஷோ படக்கூடாது.

இதை நாமே வீட்டில் அடித்தால் என்ன என்று தோன்றும். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அதன் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமாவே வரலாம். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பெயின்டரும் வடிகட்டி பொருத்திய முகமூடி போடுகிறாரா என்று பாருங்கள்.

ஸ்ப்ரே கேனில் வரும் சாதாரண கிளியர் லாக்கர் இதற்கு மாற்று இல்லை. ஹார்டனர் இல்லாத அது சில மாதங்களில் வெங்காயத் தோலாக உரியும்.

கேள்வி: டூத் பேஸ்ட், பெட்ரோல், கொசு விரட்டி... இதில் எது வேலை செய்யும்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: டூத் பேஸ்டில் நுண்ணிய தேய்ப்புப் பொடி இருப்பதால் லேசான மங்கல் சில வாரத்துக்கு மறையும். நாளை வண்டியை விற்க ஆள் பார்க்க வருகிறார் என்றால் உதவும். வாங்குகிறவர் நீங்களாக இருந்தால் விளக்கை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விடவைக்கும். கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் மேல்தோலைக் கரைப்பதால்தான் சட்டென்று தெளிவு வருகிறது. பிறகு பிசுபிசுத்து, மறுபடி மங்கும். வழிந்து பெயின்டில் பட்டால் அதையும் கெடுக்கும்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு கிட் விற்கிறார்கள். கெட்டில் மாதிரி கப்பில் திரவம் ஊற்றிச் சூடாக்கி, வரும் ஆவியை விளக்கில் காட்டினால் நொடியில் கண்ணாடி போலாகிறது. வாங்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம். ஆவி பட்டதும் பிளாஸ்டிக்கின் மேல்தோல் கரைந்து சமமாவதால் பளபளப்பு வருவது உண்மைதான். ஆனால் புற ஊதாக் கதிருக்கு எதிரான பாதுகாப்பு எதுவும் அதில் கிடையாது. அதோடு மேற்பரப்பில் அழுத்தம் தங்கி, சில வாரங்களில் சிலந்தி வலைபோல் நுண்வெடிப்பு விடலாம். அது ஆழமாக இறங்கினால் பேப்பராலும் எடுக்க முடியாது. இதைவிடப் பெரிய கவலை உங்கள் நுரையீரல். டைகுளோரோமீத்தேன் ஆவி தலைசுற்ற வைக்கும், மூடிய கார் ஷெட்டில் ஆளையே சாய்க்கும். தீயிலோ பழுக்கக் காய்ந்த உலோகத்திலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் வலது பக்க விளக்குக்குள் மட்டும் நீராவி கோத்துக்கொள்கிறது. ஓட்டை போட்டுவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஓட்டை போட்டால் நீராவியோடு தூசியும் பூச்சியும் குடிவரும். கழுவியபின்போ குளிர்ந்த காலையிலோ மெல்லிய பனி படிந்து, லைட் போட்டு ஓட்டியதும் மறைந்தால் அது கோளாறே இல்லை. பெரும்பாலான விளக்குகளில் காற்று போய்வரச் சிறு துவாரமோ ரப்பர் குழாயோ இருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தேங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் என்பதால் முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். பல்பு மாற்றும்போது அதைச் சரியாக மாட்டாமல் விடுவதும், கிழித்துவிடுவதும் மிகச் சாதாரணம். மூடி மட்டும் தனியாகக் கிடைக்கும், விலையும் சொற்பம். அடுத்து காற்றுக் குழாயில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், முன் பிளாஸ்டிக்கும் பின் கூடும் சேரும் ஒட்டு எங்கோ விட்டிருக்கிறது. விளக்கைக் கழற்றி, பல்புகளை எடுத்துவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி உலர்த்துங்கள். பிறகு விட்ட இடத்தில் பியூட்டைல் சீலன்ட் என்ற அடைப்புப் பசை கொடுக்கலாம். வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கானைத் தொடாதீர்கள். அதிலிருந்து வரும் அமில ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சை அரிக்கும்.

உள்ளே துணியை விட்டு ரிஃப்ளெக்டரைத் துடைக்கவும் கூடாது. அந்தப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் படலம். ஒரே துடைப்பில் கறுப்புத் திட்டாகப் போய்விடும்.

கேள்வி: அம்பாசடர் வைத்திருக்கிறேன். இந்தத் தொல்லை எனக்கும் வருமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வராது. வட்ட விளக்கின் முன்பக்கம் நிஜக் கண்ணாடி. மங்கலாகத் தெரிந்தால் ரிஃப்ளெக்டர் போயிருக்கும். அந்த யூனிட்டையே மாற்றிவிடலாம்.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். ஹெட்லைட்டைத் தேய்த்தும் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா, எல்.இ.டி. போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் விளக்கு 60/55 வாட் ஹெச்4 பல்புக்காகச் செய்யப்பட்டது. 100/90 போட்டால் ஹோல்டர் கருகும், ஒயர் சூடாகும், ரிஃப்ளெக்டர் வெந்துபோகும், பிளாஸ்டிக் உள்ளிருந்து மங்கும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. மாட்டினால் ஒளி தோன்றும் புள்ளி இடம் மாறுவதால், எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும். ரோட்டில் தூரம் தெரியாது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் தகராறு.

மல்டிமீட்டர் எடுத்து, எஞ்சின் ஓடும்போது, டிம் எரியும் நிலையில் பேட்டரியிலும் பல்பு கனெக்டரிலும் வோல்டேஜ் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்தான் வெளிச்சத்தைத் தின்கிறது. ஹாலஜன் பல்பில் 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். முதலில் எர்த் முனையைச் சுரண்டி முறுக்குங்கள். போதவில்லை என்றால் இரண்டு ரிலே, ஃப்யூஸ், தடித்த ஒயர் கொண்ட ரிலே கிட் மாட்டுங்கள். இதுவரை ஸ்விட்ச் வழியாகப் போன கரன்ட், இனி ரிலே மூலம் நேரே பேட்டரியிலிருந்து பல்புக்கு வரும். அதோடு நல்ல கம்பெனி 60/55 பல்பு ஜோடி. பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: என் விளக்கு தேய்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது. ஜெனியூன், டூப்ளிகேட், செகண்ட் ஹேண்ட், இதில் எது லாபம்? மாட்டியபின் எதிரே வருபவர்கள் டிம் அடிக்கச் சொல்லிச் சண்டை போடாமல் இருக்க என்ன செய்வது? (சென்னை வாசகர்)

பதில்: அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-ல் வெளியிட்ட சோதனை முடிவுப்படி, நன்றாக மங்கிய விளக்கு புதிய விளக்கின் ஐந்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் தருகிறது. தேய்த்துச் சீராக்கினால் சுமார் 70 சதவீதம் வரை திரும்பும். முழு ஒளி வேண்டுமென்றால் கம்பெனி விளக்கு. மலிவு டூப்ளிகேட்டில் பிளாஸ்டிக் பளபளக்கும், ஆனால் ரிஃப்ளெக்டரின் வார்ப்பு துல்லியமாக இராது. ரோட்டில் ஒளி சிதறிக் கிடக்கும். ஒரு வருடத்தில் மஞ்சளாவதும் உண்டு.

நடுவழி ஒன்று இருக்கிறது. கார் கம்பெனிகளுக்கு விளக்கு செய்து கொடுக்கும் லூமாக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயரிலேயே விளக்குகள் கடைகளில் கிடைக்கும். ஜெனியூன் பெட்டியைவிட விலை குறைவாக இருக்கலாம். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் உங்கள் மாடலையும் வருடத்தையும் சொல்லி, முதலில் அதைக் கேளுங்கள். போலி உண்டு, பில் போட்டுத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. விபத்தில் போன புது வண்டியின் விளக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். பார்க்க வேண்டியவை: பின்னால் விளக்கைப் பொருத்தும் மூன்று நான்கு காதுகளும் ஒடியாமல், ஒட்டவைக்காமல் இருக்க வேண்டும். ரிஃப்ளெக்டரில் பழுப்பு வட்டம் கூடாது. குலுக்கினால் உள்ளே எதுவும் உருளக்கூடாது. உயரத்தைத் திருப்பும் திருகு சுற்றினால் ரிஃப்ளெக்டர் அசைய வேண்டும். மேலே தடவியிருக்கும் பாலிஷை நம்பாமல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் வலது பக்க ஸ்டியரிங் நாடுகளுக்கானதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கா, வளைகுடா நாடுகளுக்கான விளக்கு டிம்மிலும் வலப்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். நம் ரோட்டில் அது நேராக எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும்.

முடிந்தவரை இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல கார்களில் பம்பரைத் தளர்த்தினால்தான் விளக்கு வெளியே வரும், கூலி எப்படியும் ஒன்றுதான்.

சண்டையைத் தவிர்க்க இதைச் செய்யுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், உள்ளே விளக்கு உயர ஸ்விட்ச் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதைவிட 5 சென்டிமீட்டர் கீழே சுவரில் மாஸ்கிங் டேப்பைக் கிடையாக ஒட்டுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்த டேப்பில் உட்கார வேண்டும். இடது ஓரம் மட்டும் சற்று மேலேறலாம். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஒளியும் கலந்து குழப்பும். திருகு பின்புறத்தில், பெரும்பாலும் பல் வைத்த வெள்ளை பிளாஸ்டிக். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை மேலிருந்து இறக்கி, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக் சட்டென்று உடையும்.